யார் கணக்கில் யார்?

2025 ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த அறிவிப்பு வந்தது. டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரம் பேருக்கு மேல், அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப் போகிறது. பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்களை. தறி ஓட்டியும் பனியன் கம்பெனிக்குப் போயும் பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்கவைத்த பல்லடம் வட்டாரத்து வீடுகளுக்கு இது எங்கோ நடக்கிற சங்கதி இல்லை. சரவணம்பட்டியிலோ கீரணத்தத்திலோ, சென்னை ஓ.எம்.ஆரிலோ வேலை பார்க்கிற பிள்ளை அந்த 2 சதவீதத்துக்குள் வருமா என்ற கவலை அன்றிரவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஜூன் முடிவில் 6,13,069 ஆக இருந்த டி.சி.எஸ். ஊழியர் எண்ணிக்கை செப்டம்பர் முடிவில் 5,93,314 ஆனது. நீக்கப்பட்டவர்கள், தாங்களாக விலகியவர்கள் எல்லாம் சேர்த்து மூன்றே மாதத்தில் 19,755 பேர் குறைவு. பத்திரிகைகள் இந்த எண்ணைத் தலைப்பாக்கின. அது சரியான எண்தான். ஆனால், ஒரு தொழில்நுட்ப நிறுவனம் வெளியிடும் தலைக்கணக்கு என்பது அதன் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களின் கணக்கு. அதன் வேலையைச் செய்கிறவர்கள் அத்தனை பேரின் கணக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் யார், எத்தனை பேர், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை எந்த அறிக்கையும் முழுதாகச் சொல்வதில்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளப் பல்லடத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பேன். இங்கே தலைமுறைகளாக அந்த இடைவெளியில்தான் தொழிலே நடக்கிறது.

பாவு ஒருவருடையது, தறி ஒருவருடையது

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் 2.5 லட்சம் விசைத்தறிகள் இருக்கின்றன. பல்லடம், மங்கலம், சோமனூர், கருமத்தம்பட்டி, 63 வேலம்பாளையம் என்று பரவிக் கிடக்கும் இவற்றில் பெரும்பாலானவை கூலிக்கு ஓடுபவை. ஜவுளி உற்பத்தியாளர் என்று அழைக்கப்படுபவரிடம் பல சமயம் ஒரு தறிகூட இருக்காது. சைசிங் மில்லில் கஞ்சி போட்டுச் சுற்றிய பாவையும் ஊடை நூலையும் அவர் கொடுப்பார். தறி வைத்திருப்பவர் அதைக் காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுத்து, மீட்டருக்கு இத்தனை என்று கூலி வாங்குவார். ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊடை இழை, அதாவது எத்தனை பிக், என்பதை வைத்துக் கூலி மாறும். கட்டடம், தறிக்கு வாங்கிய கடன், கரன்ட் பில் எல்லாம் தறிக்காரர் பாடு.

தறிக்குடோனுக்குள் போனால் மூன்றாவது ஆளைப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் ஆறு, எட்டுத் தறிகளைப் பார்த்துக்கொண்டு சந்துக்குள் நடந்துகொண்டே இருப்பார். நாடாவில் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சிட்டு, விழுது வழியாகக் கோத்து மறுபடி ஓட்ட வேண்டும். தறி நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாது, கையசைவில்தான் பேச்சு. உள்ளூர்க்காரராக இருக்கலாம், தென்மாவட்டத்திலிருந்து வந்தவராக இருக்கலாம், இப்போது ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். இவர் நெய்யும் துணிக்கு விலை பேசுகிற உற்பத்தியாளரின் ஏட்டில் இவர் பெயர் இல்லை.

ஆக, ‘உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?’ என்று உற்பத்தியாளரிடம் கேட்டால் கணக்கெழுதுபவர், குடோன் ஆள், வண்டி ஓட்டுபவர் என்று விரல்விட்டு எண்ணிவிடுவார். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. சட்டமும் அப்படித்தான் பார்த்தது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் பழைய தொழிற்சாலைச் சட்டம் பாய்ந்தது. 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த வரம்பு 20. இரண்டு மூன்று ஆட்களோடு ஓடும் தறிக்குடோன் இரண்டிலும் அகப்படாது. தறிகளை எண்ண அரசிடம் மின் இணைப்புக் கணக்கு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் அதை வைத்துத்தான் தரப்படுகிறது. தறியை ஓட்டுபவர்களை எண்ண அந்த அளவுக்குத் துல்லியமான கணக்கு கிடையாது.

திருப்பூர்ப் பக்கம் பின்னலாடையிலும் இதே கதைதான். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், தையல் பவர்டேபிள் யூனிட்டில். ஏற்றுமதியாளரின் போர்டு ஒன்று. அதன் பின்னால் இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பல.

சென்னையில் பிறந்த கம்பெனி

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு காக்னிசன்ட்டைப் பார்க்க வேண்டும். உலக அளவில் பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் ஆள்பலம் எப்படி வளர்ந்து எங்கெங்கே பரவியது என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சொந்த மென்பொருள் வேலைகளுக்காக 1994-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. இலங்கையில் பிறந்த குமார் மகாதேவா அதன் தொடக்ககாலத் தலைவர். வெளி வாடிக்கையாளர்களைப் பிடிக்கத் தொடங்கிய பிறகு தலைமையகம் நியூஜெர்சிக்குப் போனது. 1998-ல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. அமெரிக்க முகவரி, அமெரிக்கப் பங்குதாரர்கள். ஆட்கள் மட்டும் இங்கே. 2024 முடிவில் மொத்த ஊழியர்கள் சுமார் 3,36,800. அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில். சென்னையும் கோவையும் அதன் முக்கியமான இடங்கள்.

ஏன் இந்தப் பரவல்? ஐ.டி. சேவைத் தொழிலின் வருமானம் ரொம்ப காலமாக ஒரே பெருக்கல் கணக்கில் ஓடியது: எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன ரேட். வாடிக்கையாளர் அருகில் ஆன்சைட்டில் கொஞ்சம் பேர், குறைந்த சம்பளத்தில் இங்கே நிறையப் பேர் என்று வைத்தால்தான் லாபம். அந்த ‘நிறையப் பேர்’ என்ற அடித்தளத்தில் வருடாவருடம் ஃப்ரெஷர்களைக் கொட்ட வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்து இன்ஜினியரிங் கல்லூரிகள் அதற்குத்தான் ஆள் தயார் செய்தன. முதல் வேலைக்குச் சேரும் இளைஞரின் ஆண்டுச் சம்பளம் மூன்று, மூன்றரை லட்சத்திலேயே பத்து வருடத்துக்கு மேலாக நின்றுவிட்டதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். 2024 ஆகஸ்ட்டில் காக்னிசன்ட்டின் 2.52 லட்சம் ரூபாய் ஆரம்பச் சம்பளம் பெரிய விவாதமானபோது, அது இன்ஜினியரிங் படிக்காத பட்டதாரிகளுக்கானது என்று நிறுவனம் விளக்கம் தந்தது. மாதத்துக்கு 21 ஆயிரம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நல்ல டெய்லரின் வருமானத்தோடு பல்லடத்துப் பெற்றோர் அதை ஒப்பிட்டுப் பார்த்ததில் வியப்பில்லை.

வேலை ஒதுக்கப்படாமல் காத்திருக்கும் நிலைக்கு ஐ.டி.யில் ‘பெஞ்ச்’ என்று பெயர். 2025 ஜூனில் டி.சி.எஸ். அதற்கு ஒரு வரம்பு கட்டியது: ஓர் ஊழியர் வருடத்துக்கு 225 நாள் வாடிக்கையாளரிடம் பில் போடத்தக்க வேலையில் இருக்க வேண்டும், பெஞ்ச்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. பாவு வராமல் தறி நிற்கும் நாட்களின் நஷ்டத்தை யார் சுமப்பது என்ற பழைய சண்டையை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் பொருள் சட்டென்று விளங்கும். வேலை பிடித்து வருவது கம்பெனியின் பொறுப்பாக இருந்தது. வேலையைத் தேடிக்கொள்வது ஊழியரின் பொறுப்பாக நகர்ந்திருக்கிறது.

ஆஸ்டினில் ஒரு வழக்கு

காக்னிசன்ட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. தன்னைவிடப் பெரிய நிறுவனங்களுக்கு அது ஒப்பந்த வேலை செய்து தருகிறது. ஃபேஸ்புக்கில் வரும் கொடூரமான வீடியோக்களையும் பதிவுகளையும் பார்த்து நீக்கும் வேலையை அது எடுத்துச் செய்தது. அந்த ஊழியர்களின் மனநலம் எப்படிக் கெடுகிறது என்று அமெரிக்கப் பத்திரிகையில் விரிவான செய்திகள் வந்த பிறகு, 2019 அக்டோபரில் அந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. சுமார் 6,000 வேலைகள் அதனால் பாதிக்கப்பட்டன. அந்த 6,000 பேரில் ஒருவர்கூட ஃபேஸ்புக்கின் தலைக்கணக்கில் இருந்தவரில்லை.

இதைவிட முக்கியமானது டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்தது. யூடியூப் மியூசிக்கின் பாடல் விவரங்களையும் பட்டியல்களையும் சரிபார்க்கும் சிறு குழு ஒன்று அங்கே இருந்தது. வேலை கூகுளுடையது, சம்பளம் காக்னிசன்ட்டிடம். அவர்கள் சங்கம் அமைக்க முடிவெடுத்தார்கள். கூகுளும் காக்னிசன்ட்டும் சேர்ந்தே இவர்களுக்கு முதலாளி என்று அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் சொன்னது. 2023 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் 41 பேர் சங்கத்துக்கு ஆதரவு. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. தான் முதலாளியே இல்லை என்று சொல்லி கூகுள் பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. அப்படி மறுப்பது சட்டவிரோதம் என்று 2024 ஜனவரியில் வாரியம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதக் கடைசியில், அந்த ஊழியர்களில் ஒருவர் ஆஸ்டின் நகர மன்றத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே, குழுவில் இருந்த 43 பேருக்கும் வேலை முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிந்தது என்றது கூகுள். வேறு வேலை தேடிக்கொள்ளச் சம்பளத்துடன் ஏழு வாரம் தருவதாகக் காக்னிசன்ட் சொன்னது. ஒப்பந்தமே முடிந்துவிட்டதால் இனி இந்த வழக்கில் தீர்க்க ஒன்றுமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவைத்தது.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை நடத்தும் கம்பெனி. சென்னையில் பிறந்த காக்னிசன்ட். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் டெக்சாஸ்காரர்கள். பாவு கொடுத்தவர், நெய்து தருவதாக ஏற்றுக்கொண்டவர், நெய்தவர் என்ற மூன்று நிலைகளும் அப்படியே இருக்கின்றன. அமெரிக்காவில் தேசிய வாரியம் வரை போயும் கட்டிப்போட முடியாத முதல் ஆளை நாம் இங்கே கலெக்டர் அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறோம் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

2021 நவம்பரில் அரசு முன்னிலையில் நடந்த விசைத்தறிக் கூலிப் பேச்சில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதமும், பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு முடிவானது. உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச் 19-ல் மறுபடி நின்று, ஒரு மாதத்துக்கு மேல் போராட்டம் நடந்து, சோமனூர் ரகத்துக்கு 15, மற்றவற்றுக்கு 10 சதவீதம் என்று முடிந்தது. ஒப்பந்தம் போடுவதும் அது மீறப்படுவதும் இங்கே புதிதல்ல. அதனால் நொடித்துப்போய்த் தறிகளை எடைக்குப் போட்ட குடும்பங்கள் நிறைய. அப்படியும், தறி தன்னுடையதல்ல, ஆள் தன்னுடையவரல்ல என்று சொல்லி உற்பத்தியாளர் பேச்சுவார்த்தையிலிருந்து தப்பிக்க இந்த வட்டாரம் விட்டதில்லை. துணி யாருக்கு நெய்யப்படுகிறதோ அவர் வந்து பேச வேண்டும் என்பது இங்கே சட்டத்தைவிட வலுவான வழக்கம். தறிக்குடோனில் நடக்கிற அந்த மூன்றாவது ஆளுக்கு இந்தப் பேச்சில் நாற்காலி கிடையாது என்பது நம் குறை. அதையும் மறைக்கக் கூடாது.

அடையாள அட்டையின் நிறம்

தொழில்நுட்ப நிறுவனங்களின் வளாகத்துக்குள் யார் எந்தக் கணக்கு என்பது கழுத்தில் தொங்கும் அட்டையிலேயே தெரிந்துவிடும். கூகுளில் நிரந்தர ஊழியருக்கு வெள்ளை அட்டை, ஒப்பந்த ஊழியருக்குச் சிவப்பு. 2019 மார்ச்சில் கூகுளில் நிரந்தர ஊழியர்கள் 1,02,000 பேர்; தற்காலிக, ஒப்பந்த ஊழியர்கள் 1,21,000 பேர் என்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. வெளியே சொல்லப்படாத கணக்கு, சொல்லப்பட்ட கணக்கைவிடப் பெரியதாக இருந்தது. மைக்ரோசாஃப்ட்டில் நீலமும் ஆரஞ்சும். வருடக்கணக்கில் ஒரே மேசையில் வேலை பார்த்தும் ‘தற்காலிகம்’ என்றே வைக்கப்பட்டிருந்த ஊழியர்கள் 1992-ல் வழக்குத் தொடுத்து, 2000-ல் 9.7 கோடி டாலர் சமரசத்தொகை பெற்றார்கள். அதன் பிறகு நிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடம் நிரந்தரமாக்குவது அல்ல. இடைவெளி விட்டு எடுப்பது, வேறு கம்பெனி வழியாக எடுப்பது.

ஆப்பிளின் கணக்கு இன்னும் வெளிப்படை. 2024 செப்டம்பரில் உலகம் முழுக்க அதன் ஊழியர்கள் சுமார் 1,64,000. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் நம் பெண்கள் அதில் இல்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான் அவர்களை உலகம் எண்ணிப் பார்த்தது. ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது, ஆப்பிள் அதைக் கண்காணிப்பில் வைத்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டதற்குப் பின்னால் அந்தச் சாலை மறியல் இருக்கிறது.

எண்ணிக்கையைச் சொல்லியும் ஊரைச் சொல்லாமல் விடலாம். அதற்கு ஐ.பி.எம். முன்னோடி. 1978-ல் இந்தியாவை விட்டுப் போய், 1992-ல் டாடாவோடு சேர்ந்து திரும்பி வந்த நிறுவனம். அமெரிக்காவில் எத்தனை பேர் என்று தனியாகச் சொல்வதை 2010-ல் நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் சுமார் 1,30,000 பேர், அதாவது வேறெந்த நாட்டையும்விட அதிகம், என்று 2017-ல் பத்திரிகைகள்தான் கண்டுபிடித்து எழுதின. 2012-ல் 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் இருந்த அதன் மொத்த ஊழியர்கள் 2024 முடிவில் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம். இதில் ஒரு பகுதி, 2021-ல் கிண்ட்ரில் என்று தனியாகப் பிரித்துவிட்ட நிறுவனத்தோடு போன சுமார் 90 ஆயிரம் பேர். பிரிந்து போனவர்கள் யார், நீக்கப்பட்டவர்கள் யார், எந்த நாட்டில் கூடியது, எங்கே குறைந்தது என்பதை மொத்தக் கணக்கிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது.

இந்த விஷயத்தில் இந்தியா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், நிரந்தர ஊழியர் எத்தனை, நிரந்தரமல்லாதவர் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு சொல்லியாக வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கட்டாயமாக்கியது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ எல்லாம் சொல்கின்றன. நாஸ்டாக்கில் இருக்கும் காக்னிசன்ட்டுக்கும், வெளிநாட்டு நிறுவனங்களின் உள்ளூர்க் கிளைகளுக்கும் இது பொருந்தாது. கோவையில் நாளுக்கு நாள் கூடிவரும் உலகத் திறன் மையங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

காக்னிசன்ட் 2023 மே மாதம் 3,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெருநகரங்களில் 1.1 கோடி சதுர அடி அலுவலக இடத்தையும் விட்டுவிட்டு, சிறிய நகரங்களுக்கு நகரப் போவதாகச் சொன்னது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ 2011-லேயே தென்காசிக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளைத் தன் சொந்தச் சம்பளப் பட்டியலில் வைத்துக் காட்டியது. ஆகவே ஊருக்குப் பக்கத்தில் வேலை வருவது நடக்கக்கூடியதுதான். நம் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. திருமுருகன்பூண்டியில் மினி டைடல் பூங்கா எழும்பியிருக்கிறது. விளாங்குறிச்சியில் புதிய ஐ.டி. கட்டடம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. வருகிற வேலை யாருடைய பெயரில் வருகிறது என்பதுதான் என் கவலை. பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஆட்களை எடுத்துக் கொடுக்கும் வெண்டர் பேரோலில் ஆறு மாதம், பதினோரு மாதம் என்று உட்கார வைக்கப்படுபவர்கள் கோவையில் நிறைய இருக்கிறார்கள். ஊரில் கேட்டால் அந்தப் பெரிய பெயரைத்தான் பெற்றோர் சொல்வார்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் அதில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆள் குறைப்பு வரும்போது முதலில் போகிறவர்கள் இவர்கள்தான். எந்த 2 சதவீதத்திலும் இவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் யாரிடம் போய்ப் பேசுவது என்பதே தெரியாதவருக்கு அந்த உரிமை கைக்கு எட்டாது.

தமிழ்நாடு அரசு இதில் வெறும் பார்வையாளர் இல்லை. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில், மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் வேலைகளை உருவாக்கும் உலகத் திறன் மையங்களுக்கு முதல் ஆண்டு சம்பளத்தில் 30 சதவீதமும், இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதமும் மானியம் அறிவித்தது. தலைக்கு இவ்வளவு என்று பொதுப்பணம் போகிறது. அப்படியானால் அந்தத் தலைகளை எண்ணுகிற ஏடு பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். எந்த மாவட்டம், நிரந்தரமா ஒப்பந்தமா, ஆணா பெண்ணா, சம்பளம் போடுவது யார். இந்த நான்கு விவரங்கள் போதும். இவற்றில் இரண்டைச் செபி ஏற்கெனவே கேட்டு வாங்குகிறது. மற்ற இரண்டும் மானிய விண்ணப்பத்தோடு கேட்டால் ஒரே நாளில் கிடைத்துவிடும். சென்னை, கோவை, திருப்பூர் என்று பிரித்து அந்தப் பட்டியலைத் தொழில்துறை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடட்டும். அதில் ஒப்பந்த ஊழியர் பத்தியையும் சேர்க்கட்டும்.